எள் தெளித்த கை

இல்லாத கை நனைந்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

மத்தியான வேளை. கூடத்து நாற்காலியில் சாய்ந்து, முழங்கைக்கு மேலேயே முடிந்துபோன வலது கையை மடியிலிருந்த தலையணையில் சாத்திக்கொண்டு, சன்னல் திரையில் வெயில் மெல்ல இறங்குவதைப் பார்த்தபடி மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். இல்லாத கை வலிக்கும், அரிக்கும், சில நாள் தணலில் வைத்தாற்போல எரியும். அதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன சங்கதி. கை போன சேதி நரம்புக்கு இன்னும் எட்டவில்லை என்று ஆஸ்பத்திரியில் சமாதானம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு வந்தது வேறு. இல்லாத விரல்களின் மேல் வெதுவெதுவென்று தண்ணீர் ஓடியது. விரலிடுக்குகளில் நுரை வழுக்கியது. நகக்கண்ணில் சோப்புப் புகுந்து லேசாகக் காந்தியது.

குளியலறைக் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே தங்கை கை கழுவிக்கொண்டிருந்தாள்.

குழாய் நின்றது. விரல்களில் தண்ணீரும் நின்றது. சொரசொரவென்று ஒரு துவாலை வந்து, ஒரு விரல் விடாமல் ஒற்றிவிட்டுப் போனது.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?" கதவைத் திறந்துகொண்டு வந்த தங்கை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. கண்ணு அசந்துட்டேன்."

முப்பது தாண்டியும் தங்கை பாப்பாதான். பிறந்த அன்று யாரோ அப்படிக் கூப்பிட, பேர் ஒட்டிக்கொண்டது. மூத்தவளுக்கும் ஒரு பட்டப்பேர் இருந்தது. எள்ளு. கையிலும் தோளிலும் கழுத்திலும் எள்ளை அள்ளித் தெளித்தாற்போல அவளுக்கு மச்சம். பாப்பாவுக்கு உடம்பில் மருந்துக்குக்கூட ஒரு மச்சம் கிடையாது. துடைத்து வைத்த பீங்கான் தட்டு மாதிரி இருப்பாள். வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, சின்னவளைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

மூத்தவள் தையற்காரி. கடைத்தெரு முனையில் ஒரு மெஷினும் ஒரு கண்ணாடியும் போட்டு, கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல், அந்தக் கையை வைத்துத்தான் தங்கையைப் படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்தாள். சட்டைப் பொத்தானுக்கு அவள் எடுக்கும் காஜாத் துளையை மெஷினில் எடுத்ததா கையில் எடுத்ததா என்று வாடிக்கைக்காரர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பாப்பாவுக்கோ ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை வராது. ஆனாலும் அக்கா கண் விழித்துத் தைத்ததை அவள் போட்டுக்கொண்டு நடந்தால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தைக்கிறவள் ஒருத்தி, மினுக்குகிறவள் ஒருத்தி. இதில் பாப்பாவின் குற்றம் ஒன்றுமில்லை என்று மூத்தவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் வராது, துப்பவும் வராது.

அப்புறம் அந்த பஸ். முன் சீட்டில் மூத்தவள், பின் சீட்டில் பாப்பா, இருவரும் சன்னலோரம். இவள் முழங்கையைச் சன்னல்மேல் மடித்து வைத்திருந்தாள். அவள் கம்பியைப் பிடித்திருந்தாள். எதிரே வந்த லாரி உரசிக்கொண்டு போயிற்று. பெரிய சத்தம்கூட இல்லை. ஒருத்திக்கு முழங்கைக்கு மேலே போனது, இன்னொருத்திக்கு மணிக்கட்டோடு போனது.

பல்லிக்கு வால் முளைக்கும்போது மனுஷனுக்கு விரல் முளைக்கக் கூடாதா என்று கேட்டு, அந்த ஒரு கேள்விக்கே பாதி ஆயுளைக் கொடுத்துவிட்ட ஒரு டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு அறக்கட்டளை நிதி கொடுத்திருந்தது, முதல் கட்டமாக ஒரே ஒரு ஆளுக்கு. அதுவும் மணிக்கட்டோடு போனவர்களுக்குத்தான். முழங்கைக்கு மேல் என்றால் அடுத்த கட்டம். அதற்கு அடுத்த நிதி வரவேண்டும். பாப்பாவை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவளுடைய செல்கள் கண்ணாடித் தட்டில் வளரவில்லை. வைக்க வைக்கக் கருகின. ரத்த உறவில் யாராவது தந்தால் பார்க்கலாம் என்றார்கள். மூத்தவளின் மொட்டைக் கை நுனியில் கொஞ்சம் சதையும் தோலும் கிள்ளி எடுத்துப்போய் வைத்தார்கள். அது, மழை விட்ட மறுநாள் வரும் காளானைப் போலத் தட்டு கொள்ளாமல் வளர்ந்து நின்றது.

"உங்க செல்லுக்கு அப்படி ஒரு பசி" என்று டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

அதைத்தான் பாப்பாவின் மணிக்கட்டில் வைத்துக் கட்டினார்கள். முதலில் மொட்டு மாதிரி ஒரு சதை, பிறகு அதில் ஐந்து நுனிகள், பிறகு கணுக்கள், கடைசியில் அரிசி அளவு நகம். கட்டு மாற்றும்போதெல்லாம் மூத்தவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். விதை ஒருத்தியுடையது, விளைச்சல் ஒருத்தியுடையது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்த மறுநிமிஷம், சொந்தத் தங்கையைப் பார்த்து இப்படி நினைக்கிறோமே என்று கூசிப்போவாள். ஆனால் நினைப்பு நினைப்புதான்.

அன்றைக்கு இல்லாத கை நனைந்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது ஏதோ நரம்புக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வாரமே ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கூடத்தில் அந்தச் சமாதானமும் போயிற்று.

ஸ்பிரிட் வாடையும் ரப்பர் விரிப்பின் வாடையும் கலந்து அடிக்கும் நீளமான கூடம் அது. ஒரு மூலையில் புதுச் செயற்கைக்காலோடு ஒரு பெரியவர் இரட்டைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டொக், டொக் என்று நடை பழகிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பாப்பாவை மேஜை முன்னால் உட்காரவைத்து, புதுக் கையை, குறுக்கே மறைப்பாக வைத்த தட்டிக்கு அந்தப் பக்கம் நீட்டச் சொன்னார். கையில் ஒரு குண்டூசி எடுத்துக்கொண்டார்.

"குத்துறப்போ சொல்லுங்கம்மா."

"சரி சார்."

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்தவளின் கட்டைவிரலில் சுருக்கென்றது. இல்லாத கட்டைவிரலில். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். ஊசி முனை ஒவ்வொரு விரலாக நிதானமாக வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சுண்டுவிரலில் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

"இன்னும் ஆரம்பிக்கலையா சார்?" என்று பாப்பா கேட்டாள்.

பயிற்சியாளர் குண்டூசியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "அஞ்சு விரலும் முடிஞ்சுதும்மா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. ஆனா குத்தக் குத்தக் கை மட்டும் பின்னால இழுக்குது." தலையைச் சொறிந்தார். "உணர்ச்சி போகப்போக வரும். கவலப்படாதீங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று, சார், குத்தினது எனக்குத் தெரிஞ்சுது என்று ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. கூடவே நாக்கடியில் இன்னொன்றும் வந்தது, வெல்லத்தைப் போட்டு அடக்கிக்கொண்ட மாதிரி ஒரு தித்திப்பு. கை அவளிடம் இருக்கலாம். ஆனால் அந்தக் கையின் சுகமும் வலியும் அவளுக்கு இல்லை. அது என்னுடையது.

மூத்தவள் வாயைத் திறக்கவில்லை.

அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வந்த அன்று ஆஸ்பத்திரியே கழுவிவிட்டாற்போல இருந்தது. டாக்டரம்மா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த கட்ட நிதி கிடைக்குமா கிடைக்காதா என்பது அன்றைக்கு அந்த ஒரு கையில் இருந்தது. தலைவர் வயதானவர், மரியாதைக்காரர். பாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தன் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, "இதைக் கொஞ்சம் போட்டு விடுறியாம்மா?" என்றார்.

பாப்பா தன் கையைப் பார்த்தாள். சோறு அள்ளவே வராத கை. அவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

மூத்தவளின் இல்லாத விரல்களில் அந்தக் கோட்டுத் துணி வந்து பட்டது. நல்ல கம்பளி, உள்ளே வழுக்கும் சாட்டின். காஜா ஓரத்தில் நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. மட்டமான வேலை. எத்தனை ஆயிரம் பொத்தான் வைத்த கை. பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டா வரும்? கட்டைவிரல் பொத்தானை ஓரமாகச் சாய்த்தது, ஆள்காட்டி விரல் காஜாவை விரித்தது. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் கோட்டின் முன்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிச் சுருக்கம் நீக்கி, வாடிக்கைக்காரரை அனுப்புகிற தையற்காரியைப் போலத் தோள்மடிப்பை நீவியும் விட்டது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மூத்தவளிடம் வந்தார். "நிதி கிடைச்ச மாதிரிதான். அடுத்தது நீங்க. பேரைக்கூடச் சொல்லிட்டேன்."

பாப்பா முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, இடது கையால் வலது கையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"நான் செய்யலக்கா" என்றாள்.

"நீ செய்யாம வேற யாரு செஞ்சா?"

"அதான் எனக்குத் தெரியல."

பாப்பாவும் அவள் வீட்டுக்காரனும் மூத்தவளோடுதான் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவனுக்கு மில்லில் வேலை. ஒரு சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அறைக்குள் போனான். மூத்தவள் கூடத்தில் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளங்கையில் சூடாக ஒன்று பட்டது. முள்முள்ளாக ஒரு கன்னம். அடியில் தாடையெலும்பு. அது அசைந்தது, அவன் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறான். இந்த வயதுவரைக்கும் ஒரு ஆணின் கன்னத்தை அவள் தொட்டதில்லை. விலக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைக்க நினைக்க விரல்கள் இன்னும் இறுகின.

அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏய், என்ன இது, விடு." பிறகு சிரிப்பு இல்லை. "விடுன்றேன்ல. வலிக்குது."

"நான் பிடிக்கலங்க. சத்தியமா நான் பிடிக்கல."

கொஞ்ச நேரம் கழித்து அவன் வெளியே வந்து தண்ணீர் குடித்தான். கன்னத்தில் நாலு விரலும் பதிந்து கிடந்தது. மூத்தவளைப் பார்த்துவிட்டு எதையோ கேட்கப்போகிறவன் போல நின்றான்.

"அண்ணி, அவ கையில மச்சம் வந்திருக்கு. பார்த்தீங்களா?"

"மச்சம் வர்றதுல என்ன தம்பி இருக்கு?"

"அதில்ல." அவன் பார்வை அவளுடைய இடது கையில் விழுந்து, அங்கேயே நின்றது. "உங்களுக்கு இருக்கிற மாதிரியே இருக்கு."

முதலில் புறங்கையில் நாலைந்து. பிறகு மணிக்கட்டு. பிறகு, புதுச் சதையும் பழைய சதையும் சேர்ந்த தழும்பைத் தாண்டி முன்கையில். பீங்கான் தட்டில் யாரோ எள்ளைச் சிதறவிட்டுக்கொண்டே போவது போல ஏறிக்கொண்டிருந்தது. மச்சம் ஏறிய இடமெல்லாம் பாப்பாவுக்கு மரத்துப்போயிற்று. மரத்துப்போன இடமெல்லாம் மூத்தவளுக்கு விழித்துக்கொண்டது. அவள் தனியாகக் கட்டிலில் படுத்திருக்கும்போது, அடுத்த அறைப் போர்வையின் கனம் அவள் முன்கையில் இருந்தது.

டாக்டரம்மா பார்த்ததும் பயிற்சியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மணிக்கட்டோட நிக்கணும். அதுக்கு மேல உங்க சொந்தத் தோல், சொந்தச் சதை. ஆனா புதுசு நிக்கல. பழசைத் தின்னுட்டு மேல வருது." மூத்தவள் பக்கம் திரும்பினார். "இது உங்க செல்லு. அதனால கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது வித்தியாசமா தெரியுதா? வலி, கனவு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியல டாக்டர்."

"நிஜமா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஒரே நாளில் பத்து வயது கூடினாற்போல இருந்தது முகம். "இப்பவே எடுத்துட்டா முழங்கையாவது மிஞ்சும். எடுத்துட்டா நிதியும் போயிடும், ஆராய்ச்சியும் இதோட நின்னுடும். அதை நான் மறைக்க விரும்பல. ஆனா அதுக்காக யோசிக்காதீங்க. பேசிட்டு வந்து சொல்லுங்க."

வெளியே நீளமான நடைக்கூடம். மருந்துச் சீட்டோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பாப்பா ஒரு தூணோரமாக அக்காவை நிறுத்தினாள்.

"எனக்கு இது வேணாம்க்கா. பக்கத்துல வேற யாரோ படுத்திருக்கிற மாதிரியே இருக்கு. அவரு கிட்டயே வர மாட்டேங்கிறாரு." கண் நிறைந்துவிட்டது. "ஆனா இதை எடுத்துட்டா உனக்கு வராது. என்னைப் படிக்க வச்ச கை அது. அதான் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன். நீ சொல்லு. எடுத்துடுன்னா எடுத்துடுறேன். இருன்னா இருக்கேன்."

மூத்தவளுக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. எடுத்துடு பாப்பா என்ற சொல் நுனிநாக்கில் நின்றது. அந்த நேரத்தில் பாப்பாவின் நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்தது. வலது கை தானாக எழுந்து, அதைப் பட்டு நூல் போல எடுத்துக் காதோரம் ஒதுக்கியது. எவ்வளவு மெத்தென்ற முடி. மூத்தவளின் முடியோ தென்னந்துடைப்பம். அந்த வழியாகப் போன ஒரு ஆள், போகிற போக்கில் பாப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதே அவன் கண்ணில் படவில்லை.

"இருக்கட்டும்" என்றாள் மூத்தவள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

பாப்பா தலையாட்டினாள்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மடித்து வைத்த துணியெல்லாம் ஈர வாடை. மச்சம் முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, சட்டைக் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. பாப்பாவின் வீட்டுக்காரன் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ஆள் இளைத்திருந்தான்.

"அண்ணி, நான் கொஞ்ச நாள் எங்கம்மா வீட்டுல இருக்கேன்."

"இப்படி விட்டுட்டுப் போனா எப்படி தம்பி?"

அவன் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு அடி பின்னால் போனான். "தூக்கத்துல அவ என்னை அப்படித்தான் கூப்பிடுறா" என்றான். "தம்பின்னு."

குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

இப்போது வீட்டில் இரண்டு பேர்தான்.

இரண்டு பேரா என்று மூத்தவளுக்கே சந்தேகமாக இருந்தது. அடுப்படியில் நின்றால் அறைக்குள் சொட்டும் மழைத்தண்ணீரின் சத்தம் காதருகில் கேட்டது. அவள் காதில் இல்லை. இன்னொரு காதில். கழுத்தில் வியர்வை வழிந்தது. துடைத்துப் பார்த்தால் கழுத்து காய்ந்திருந்தது. அவள் சாப்பிடாமலே வாயில் உப்புக் கரித்தது. உள்ளே பாப்பா அழுதுகொண்டிருந்தாள்.

போதும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். போதும், நின்றுவிடு, அவளுக்கு அவளை விட்டுவிடு. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மனசார நினைத்தாள். ஆனால் அந்த மனசுக்கு அடியில் இன்னொரு மனசு இருந்தது. சின்னவளைக் காட்டி அம்மா பேசும்போது, பக்கத்தில் கைகட்டி நின்ற மனசு. அதற்கு இது எதுவும் கேட்கவில்லை. அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று செருப்பைத் தேடினாள். போன் அடித்தது. பாப்பாவின் போன், அறைக்குள். ஓடிப்போய்ப் பார்த்தாள்.

பாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கை போனைக் காதில் வைத்திருந்தது. டாக்டரம்மாவின் குரல் துல்லியமாகக் கேட்டது. அத்தனை தூரத்தில் நின்றும், காதுக்குள் பேசுவது போல.

"ரெண்டு தடவை வரலையேம்மா. ஆள் அனுப்பட்டுமா? கழுத்துக்கு வந்துடுச்சா? அக்கா என்ன சொல்றாங்க?"

சொல்லிடு பாப்பா, என்று மூத்தவள் நினைத்தாள். உடனே வரச் சொல்லு.

பாப்பாவின் உதடு பிரிந்தது.

"ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றது வாய். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

குரல் பாப்பாவுடையது இல்லை.

வலது கை போனை அணைத்து, பக்கத்தில் வைத்து, போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டது.

மூத்தவள் அறை வாசலிலேயே நின்றாள். சன்னல் வெளிச்சத்தில் அந்த முகம் மெல்ல இவள் பக்கம் திரும்பியது. கன்னம் முழுக்க எள். நெற்றியில் எள். உதடு தடித்திருந்தது. அந்த உதட்டை அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற உதடு.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடியும் தெரிந்தது.

வாசற்படியில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு பக்கத்துச் சட்டைக்கை காலியாகத் தொங்குகிறது. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள். பாவமாக இருக்கிறாள். அசிங்கமாக இருக்கிறாள்.

கண்ணைத் திறந்தாள். கட்டில். கட்டிலில் அவள்.

"பாப்பா" என்றாள். இரண்டு வாயும் சொன்னது.

கால் தானாக நடந்தது. கட்டிலின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்கே இருக்கிறாள் பாப்பா? கண்ணில் இல்லை. குரலில் இல்லை. மூச்சுகூட இவள் மூச்சோடு சேர்ந்து ஏறியது, சேர்ந்து இறங்கியது. மழைச் சத்தம். ஈரத்துணி வாடை. வேறு ஒன்றும் இல்லை.

அப்போது போர்வைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

இடது கை. போர்வை ஓரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மச்சம் இல்லாத கை. வெள்ளை வெளேரென்று, நடுங்கிக்கொண்டு, கட்டில் சட்டத்தைத் தடவியது. கண் தெரியாத பூனைக்குட்டி மாதிரி இங்கும் அங்கும் முகர்ந்தது. விளிம்பில் இறங்கியது. மூத்தவளின் கையைக் கண்டுபிடித்தது. அவளுடைய சுண்டுவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. தெரு தாண்டும்போது, கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க, அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும் குழந்தையைப் போல.

அவ்வளவு சின்னப் பிடி. அவ்வளவு இறுக்கம்.

மூத்தவள் அழுதாள். எதிரே இருந்த கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அதுவும் இவள் கண்ணீர்தான். "விடாத பாப்பா" என்று சொல்ல நினைத்தாள். "கெட்டியா பிடிச்சுக்கோ." வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. எந்த வாய் பேசுமோ.

மணிக்கட்டில் ஒரு எள் விழுந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இன்னொன்று. புறங்கையில் ஒன்று. வேண்டாம் என்றாள் மனசுக்குள். வேண்டாம், வேண்டாம். கட்டைவிரல் அடியில் ஒன்று. மோதிர விரல் கணுவில் ஒன்று. அந்த விரல்களின் நடுக்கம் மெல்ல அடங்கியது. பிடி மட்டும் தளரவில்லை.

இன்னும் இறுகியது.

தன் சுண்டுவிரலைச் சுற்றி அந்த விரல்களின் சூட்டை உணர்ந்தாள். கூடவே அந்த விரல்களுக்குள், மெஷினில் துணி தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன ஒரு சுண்டுவிரலின் சொரசொரப்பையும் உணர்ந்தாள். பிடித்திருந்ததும் அவள்தான். பிடிபட்டிருந்ததும் அவள்தான்.